ஜன்னலுக்கு வெளியே அண்ணன் கை

என் அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது மரியாதையாக ‘அவர்’ போட்டுத்தான் தொடங்கினேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. அடித்துவிட்டு ‘அவன்’ என்று மாற்றினேன். என்னைவிட ஐந்து வயது பெரியவன்தான். ஆனால் அவன் செய்த காரியத்துக்கு இவ்வளவு மரியாதை போதும்.

அவன் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே தனியார் பஸ் ஓட்டுகிறான். நான் புதுச்சத்திரத்துக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு, மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். பதினோரு வருஷமாக ஸ்கூட்டியில்தான் போய்வருகிறேன். அண்ணன் பஸ்ஸே இருக்கும்போது எதற்கு வண்டி என்று கேட்பவர்கள் உண்டு. காலை ஒன்பது மணிக்கு அந்த பஸ்ஸில் ஏறி, ஒற்றைக் காலில் ஆலப்பாக்கம் வரை நின்றுகொண்டு வந்து, அப்புறம் அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

அவன் சிதம்பரத்திலிருந்து திரும்பி வரும் ட்ரிப்பும் நான் வீட்டை விட்டுக் கிளம்பும் நேரமும் ஒன்று. வாரத்தில் மூன்று நாளாவது அவன் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வேன். பெரிய வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டியில் போகிறவளுக்கு என்ன தெரியும்? அதன் முதுகு தெரியும். புகை தெரியும். படிக்கட்டில் தொங்கும் பையன்களின் பை தெரியும். எதிரில் வருவது எமனா, டேங்கர் லாரியா என்று மட்டும் தெரியாது. அதைப் பார்க்கக் கொஞ்சம் வலது பக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். எட்டிப் பார்க்கும்போதே எதிரில் வருகிறவனின் வாயில் பாதி போய்விட்டோம் என்று அர்த்தம்.

அதனால் இந்த ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிற டிரைவர் வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவார். உள்ளங்கையைக் கீழே பார்த்து இரண்டு தட்டுத் தட்டினால், பொறு, எதிரில் வண்டி வருகிறது. பின்னாலிருந்து முன்னால் வீசிக் காட்டினால், ரோடு காலி, போய்க்கொள். இன்டிகேட்டரை இங்கே யாரும் நம்புவதில்லை. இடது பக்கம் திரும்புகிறவனும் அதைப் போடுகிறான், என்னைத் தாண்டிப் போ என்கிறவனும் அதையே போடுகிறான், நேற்றைக்குப் போட்டுவிட்டு அணைக்க மறந்தவனும் இருக்கிறான். எங்களுக்குக் கைதான் சத்தியம்.

அதுவும் அண்ணன் கை என்றால் கேட்கவா வேண்டும்? இரண்டு சின்ன ஆரன் அடிப்பேன். நான்தான் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். காக்கிச் சட்டையின் மடித்த கை வெளியே வரும், முன்னால் வீசும். நான் ஆக்ஸிலேட்டரைத் திருகி ஒரே மூச்சில் தாண்டுவேன். அவன் ஜன்னலைக் கடக்கும்போது மேலிருந்து, “பாத்துப் போ பாப்பா” என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தோடு அலுவலகம் போய்ச் சேர்ந்தால் அன்றைய வேலை பாதி முடிந்த மாதிரி இருக்கும். பக்கத்து மேஜைக்காரியிடம் பீற்றிக்கொண்டதுகூட உண்டு. “நீங்கள்லாம் சாமியக் கும்பிட்டுட்டு பஸ்ஸ முந்துறீங்க. நான் எங்க அண்ணன் கையப் பாத்துட்டு முந்துறேன்” என்றேன். அந்த வாயை என்ன செய்வது!

மகள் சிதம்பரத்தில் காலேஜ் சேர்ந்த வருஷம் அவளுக்கும் ஒரு ஸ்கூட்டி வந்தது. நான் கற்றதையெல்லாம் அவள் தலையில் ஏற்றினேன். பஸ்ஸின் இடது பக்கம் நுழையாதே, பஸ் நிற்பதற்கு முன்னாலேயே ஆள் குதிக்கும். பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உனக்குத் தெரியவில்லையென்றால் அவருக்கும் உன்னைத் தெரியாது. டிப்பர் லாரி பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதே, ஜல்லி தெறிக்கும். பரங்கிப்பேட்டை மீன் வண்டி போன இடத்தில் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதே, தண்ணி ஒழுகியிருக்கும், வழுக்கும். பெரிய வண்டிக்காரனைத் திட்டாதே, அவனால் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, நீதான் இடம் விட வேண்டும். எல்லாம் நல்ல புத்திதான். கடைசியில் ஒன்று சேர்த்தேன் பாருங்கள்: “மாமா பஸ்ஸுன்னா மட்டும் பயப்படாத. மாமா கை காட்டினா யோசிக்காம போ.” அவள் காலேஜ் போகும் நேரத்துக்கு அவன் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ட்ரிப் சரியாக இருந்தது. அவளுக்கும் அந்தக் கை பழகிவிட்டது.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை. மகளுக்கு மஞ்சக்குப்பத்தில் டைப்ரைட்டிங் தேர்வு. தானே ஓட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள். தேர்வு நாளில் எதற்கு டென்ஷன் என்று நான்தான் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்து ஹால் டிக்கெட் ஃபைலை எனக்கும் அவளுக்கும் நடுவே வைத்து, காற்றில் பறக்காமல் குனிந்து பிடித்துக்கொண்டாள். ஆலப்பாக்கம் தாண்டி, ரோடு வேலைக்காக ஒரு பக்கத்தை அடைத்துவிட்டு மிச்சத்தில் இரண்டு பக்கமும் வண்டி விட்டிருந்த இடத்தில் அண்ணன் பஸ் முன்னால் போனது. எனக்குப் பின்னால் இன்னொரு பஸ். அதன் ஆரன் காதைக் கிழித்தது. நான் இரண்டு சின்ன ஆரன் அடித்தேன். மடித்த சட்டைக் கை வெளியே வந்தது. முன்னால் வீசியது.

போனேன்.

பஸ்ஸின் பாதி நீளம் போயிருப்பேன். எதிரில் டிப்பர் லாரி. அதன் நெற்றியில் கட்டியிருந்த எலுமிச்சம்பழம்கூடக் கண்ணில் தெரிந்தது. திரும்பிப் பின்னால் போகலாம் என்றால், நான் விட்டு வந்த இடத்தைப் பின்னால் வந்த பஸ் அடைத்துக்கொண்டது. பிரேக்கைப் பிடித்தேன். மண் பரவியிருந்த இடம். வண்டி சறுக்கி வலது பக்கம் சாய்ந்தது. என் தலைக்கவசம் தரையில் இடித்த சத்தத்தோடு லாரியின் பிரேக் சத்தமும் சேர்ந்து கேட்டது. லாரி நின்றது. என் முகத்துக்கும் அதன் சக்கரத்துக்கும் நடுவே கையை நீட்டினால் தொடும் தூரம்தான். ஸ்கூட்டிக்கு அடியில் மகளின் வலது கால் மாட்டியிருந்தது. “அம்மா, ஹால் டிக்கெட்டு” என்றாள். கால் உடைந்தது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

ஆள் கூடினார்கள். நம் ரோட்டில் விசாரணை எப்படி நடக்கும் என்று தெரியுமே? பெரிய வண்டிக்காரன் எவனோ அவன் கன்னத்தில் முதலில் இரண்டு விழும். லாரி டிரைவருக்கு விழுந்தது. நடுங்கிக்கொண்டே, “நான் பிரேக் போட்டுட்டேண்ணே, பாருங்கண்ணே, வண்டி மேல ஏறலண்ணே” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். நடுவில் ஒரு தடவை என்னைப் பார்த்தார். அப்புறம் என் அண்ணன் பஸ்ஸைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எதிரிலிருந்து உயரத்தில் உட்கார்ந்து வந்த மனிதருக்கு, பஸ் ஜன்னலிலிருந்து நீண்ட கை தெரியாமலா இருந்திருக்கும்?

அதற்குள் அண்ணன் ஓடிவந்தான். மகளைத் தன் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான். அவன் முகத்தில் கண்ணீர் வழிந்தது. “பாப்பா, பாப்பா” என்று என்னைப் பார்த்துச் சொன்னதைத் தவிர வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. அந்த அழுகையைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது. கை காட்டினான் என்று சொன்னால் இவன் லைசன்ஸ் போய்விடும், வேலை போய்விடும், இத்தனை வருஷ சர்வீஸ் போய்விடும் என்று அந்த வலியிலும் எனக்குத் தோன்றியது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்! “லாரிக்காரர் மேல தப்பில்ல, அவர அடிக்காதீங்க. நான்தான் அவசரப்பட்டு வெளிய வந்துட்டேன்” என்றேன். சாயங்காலம் ஸ்டேஷனிலும் அதையே எழுதிக் கொடுத்தேன். பேருந்தை முந்த நானே முயன்றேன், எதிரே வந்த வாகனத்தைக் கவனிக்கவில்லை என்று என் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் கேட்கவில்லை. நானாகச் செய்தேன். அண்ணன்தானே.

மகளுக்கு முழங்காலுக்குக் கீழே ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவன் சாத்துக்குடியும், அவளுக்குப் பிடித்த பண்ருட்டிப் பக்கத்து வறுத்த முந்திரியும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். அவள் கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். என் வீட்டுக்காரர் மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் கொட்டினார்.

“புள்ளய பின்னாடி வச்சிக்கினு எந்த அறிவுல நீ வெளிய வந்த? லாரி வர்றது கண்ணுக்குத் தெரியல?”

ஸ்டேஷனில் எழுதியது வேறு, வீடு வேறு. வீட்டுக்குள் உண்மையைச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அண்ணனும் எதிரில்தானே உட்கார்ந்திருக்கிறான். “அண்ணன் கை காட்டுச்சு. அதனாலதான் வந்தேன்” என்றேன்.

அவன் சாத்துக்குடியை உரித்துக்கொண்டிருந்தான். உரிப்பதை நிறுத்தவில்லை. “நான் எங்கம்மா காட்டினேன்?” என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை. “என்னாண்ணா சொல்ற?”

“நான் கையே வெளிய எடுக்கல. அந்த எடத்துல ரெண்டு கையும் ஸ்டீரிங்லதான் இருந்துச்சு. நீயேதான ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்த, நானா வந்தேன்னு?” உரித்த சுளையை மகளிடம் நீட்டினான். “வுடும்மா, நடந்தது நடந்துபோச்சு. யாரு மேல யாரு பழி போட்டு என்னா ஆவப் போவுது?”

பழி! அந்த வார்த்தையை அவன் எவ்வளவு பதமாகச் சொன்னான் தெரியுமா? மன்னித்துவிட்டவன் மாதிரி சொன்னான். அவனைக் காப்பாற்ற நான் எழுதிய காகிதத்தை எடுத்து என் மூஞ்சியிலேயே அறைந்துவிட்டு, சுளை ஊட்டினான். என் வீட்டுக்காரர், “மச்சான் மேல ஏன்டி போடுற? பண்ணின தப்ப ஒத்துக்கினா கொறஞ்சா போயிடுவ?” என்றார். நான் மகளைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, “அம்மா, வுடும்மா” என்றாள்.

வீட்டுக்காரர் திட்டியது ஒரு நாளில் ஆறிவிட்டது. அவள் கண்ணை மூடியது ஆறவில்லை. அன்றைக்கு அந்தக் கையைப் பார்த்தது நான் ஒருத்தி, காட்டியது அவன் ஒருத்தன். அவள் ஃபைலைப் பார்த்துக் குனிந்திருந்தாள். லாரிக்காரர் எந்த ஊரோ, எந்தக் குவாரியோ, இரண்டு அறை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் தேடிப்போய்க் கேட்டால் அவர் ஏன் வாய் திறக்கப் போகிறார்? அவரை அடித்தபோது நான் எவ்வளவு சொன்னேன்? பாதிதானே சொன்னேன்.

நாலு மாசம் போனது. வாக்கர், அப்புறம் கைத்தடி, அப்புறம் நொண்டிக்கொண்டு நடை, அப்புறம் நல்ல நடை. டாக்டர் வண்டி ஓட்டலாம் என்றார். அவளுக்கு ஒரே குஷி, திங்கட்கிழமையிலிருந்து ஸ்கூட்டியில்தான் காலேஜ் என்றாள். நான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, “எல்லாம் சரி. ஒண்ணு மட்டும் கேளு. மாமா கை காட்டினாலும் போகாத. உன் கண்ணுல ரோடு தெரிஞ்சா மட்டும் போ” என்றேன்.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பொறுமையாகச் சொன்னாள்: “அம்மா, நீ தப்பு பண்ணினது எனக்குக் கஷ்டமே இல்ல. யாருக்கு வேணா நடக்கும். மாமா மேல போட்ட பாரு, அதான் கஷ்டமா இருக்கு. மாமா காட்டாம நீ போன, விழுந்தோம். காட்டினப்ப போனா ஒண்ணும் ஆவாது. நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த?”

அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. அவன் பொய் என் பெயரைக் கெடுத்ததோடு நிற்கவில்லை. அந்தக் கைக்கு இன்னும் ஒருபடி மேலே நற்சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டது. கை காட்டாதபோது போனதால் விபத்து. ஆகவே கை காட்டினால் பத்திரம். என் மகள் திங்கட்கிழமை அந்தக் கையை நம்பி டிப்பர் லாரிக்கு எதிரில் போய் நிற்கப் போகிறாள். அவளைத் தடுக்க உலகத்தில் ஒரே ஓர் ஆளால்தான் முடியும். அந்த ஆளிடமே போனேன்.

வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் ஷேர் ஆட்டோ பிடித்துக் கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவன் பஸ் எடுக்க இருபது நிமிஷம் இருந்தது. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, துண்டால் முன் கண்ணாடியை உள்பக்கம் துடைத்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் வேறு ஆள் இல்லை. நாலு மாசமாக நான் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னைப் பார்த்ததும், “வா பாப்பா, டீ சொல்லவா?” என்றான், ஒன்றுமே நடக்காதது மாதிரி.

“டீ வேணாம். உன் மருமவ திங்கக்கெழம வண்டி எடுக்கிறா. அன்னிக்கு நீ கை காட்டினத யாருகிட்டயும் ஒத்துக்க வேணாம். போலீஸுக்கு வேணாம், உன் மச்சானுக்கு வேணாம். என் பேரு கெட்டது கெட்டதாவே இருக்கட்டும். அவகிட்ட ஒரு வார்த்த சொல்லு, என் கைய நம்பி வராதன்னு. அது போதும்.”

துண்டை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான். “காட்டினேன்தான்” என்றான்.

இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்தேன். அழுகை வந்தது. ஏதோ நிம்மதிகூட வந்தது. நாலு மாசத்தில் சில ராத்திரி எனக்கே சந்தேகம் வந்திருக்கிறது, ஒருவேளை அவன் காட்டவே இல்லையோ என்று. “அப்புறம் ஏண்ணா? லாரி வர்றத பாத்துட்டா காட்டின?”

“சீ, பாத்துட்டு காட்டுவனா? பாக்கல பாப்பா.”

“பாக்காம எப்பிடி காட்டின?”

“நீ ஆரன் அடிச்ச. காட்டினேன்.”

அவன் அதைச் சாதாரணமாகச் சொன்னான். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. “அன்னிக்கு மட்டும்தான் பாக்காம காட்டினியா?” என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லேன்டா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

“எந்த நாளு பாத்தேன்?” என்றான். “எல்லா டிரைவரும் அப்பிடித்தான். பின்னாடி பைக்குக்காரன் ஆரன் அடிச்சிக்கினே இருப்பான், ரோதன. கை காட்டினா போய்த் தொலைவான். எனக்கு டைம் பாக்கணும், ஏற ஆளு நிக்குதான்னு இடது பக்கம் பாக்கணும், பின்னாடி பஸ்ஸுக்காரன் புடிச்சிடுவானான்னு பாக்கணும். எதிர்ல வர்றத உனுக்காக வேற தனியா பாத்துச் சொல்ல முடியுமா? ஆரன் கேட்டா கை தானா போவும். போறவன் பாத்துக்க வேண்டியதுதான். அதான் பாத்துப் போ, பாத்துப் போன்னு சொல்லிக்கினே இருப்பேனே.”

பதினோரு வருஷம். மழையில், பனியில், கரும்பு டிராக்டர் நாலு போகும் சீசனில், எத்தனை தடவை அந்தக் கைக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்திருக்கிறேன்! ஒரு தடவைகூட அந்தக் கைக்கு மேலே ஒரு கண் இருந்ததில்லை. அவன் அன்றைக்குப் பொய் சொன்னதைக்கூட நான் பயம் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். மனுஷனுக்குப் பயம் வரும். இதை எதில் சேர்ப்பது? தங்கச்சி ஆரனும் மற்றவன் ஆரனும் அவனுக்கு ஒரே ரோதனைதான். நான்தான் அதைப் பாசம் என்று நினைத்துத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பீற்றினேன்.

“பாவி” என்றேன். “இத அவகிட்ட சொல்லு. இதையே சொல்லு. இப்பவே போன் போடு.”

அவன் முகம் மாறியது. “அவகிட்ட மட்டும் முடியாது பாப்பா. எல்லாரையும்விட என் மேல ஜாஸ்தி பாசம் அவளுக்குத்தான். என் புள்ளைங்ககூட என்ன அப்பிடிப் பாத்ததில்ல. மாமாவாலதான் கால் போச்சுன்னு அவ வாயால ஒரு வார்த்த கேட்டுட்டா நான் எப்பிடி ஸ்டீரிங்கு புடிப்பேன்? நீ அம்மாதான, நீ சொல்லு.”

“நான் சொல்லி நம்பாம பண்ணினதே நீதானடா!”

அவனை வாய்விட்டு ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை. ஆள் ஏற ஆரம்பித்தார்கள். “எறங்கு, டைம் ஆச்சு” என்றான். இறங்கினேன். இனிமேல் யாருக்கும் பார்க்காமல் கை காட்ட மாட்டேன் என்றாவது சொல்லுவான் என்று ஜன்னலுக்குக் கீழே நின்றேன். ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனே ஒத்துக்கொண்டான் என்றேன். அவன் சொன்னதை அப்படியே, அவன் குரலிலேயே சொன்னேன். அவள் கேட்டுவிட்டுப் போனை எடுத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இவ்வளவு நேருக்கு நேர் கேட்டால் அவனுக்கு வேறு வழி இருக்காது என்று நினைத்தேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாமா, அம்மா உங்களப் பாத்ததாம். நீங்க கை காட்டினேன்னு சொன்னீங்களாம். நெஜமா?”

பின்னணியில் பஸ் ஓடும் சத்தம் கேட்டது. ஓட்டும்போதே போனை எடுத்திருக்கிறான்.

“அம்மா வந்துச்சு” என்றான். “அழுதுச்சு. மனசு கேக்கலம்மா அதுக்கு. புள்ள கால ஒடச்சிட்டோமேன்னு தூக்கமில்லாம கெடக்குது. நான்தான், சரி, நானே காட்டினேன்னு வச்சிக்கோ, அழுவாதன்னேன். நீ அம்மாகிட்ட எதையும் துருவிக் கேக்காத. நல்லாப் பாத்துக்க.”

மகள் போனை வைத்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தோளில் கையைப் போட்டு அணைத்துக்கொண்டாள். பைத்தியத்தைச் சமாதானம் செய்கிற அணைப்பு. அதை உதறவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு நானும் கிளம்பினேன். அவள் ஓட்டினாள், நான் பின்னால். முதல் நாள் துணைக்கு வருகிறேன் என்று சொன்னேன். பி.முட்லூர் நெருங்கும்போது பின்னாலிருந்து வந்து எங்களைத் தாண்டிய பஸ், ஓரிடத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு, நாங்கள் எட்டும்போது மறுபடி எங்களுக்கு முன்னால் கிளம்பியது. அவனுடையதுதான். அவள் தோள் நிமிர்வதைப் பின்னாலிருந்தே உணர்ந்தேன். இரண்டு சின்ன ஆரன் அடித்தாள், நான் அடிப்பது மாதிரியே.

கை வெளியே வந்தது. முன்னால் வீசியது.

“போகாதடி” என்றேன். அவள் தலைக்கவசத்துக்குள் கேட்டதோ இல்லையோ. இடுப்பைப் பிடித்து இழுத்தேன். “ஆட்டாதம்மா, விழுந்துடுவோம்” என்று கத்திவிட்டு வண்டியை வலது பக்கம் எடுத்தாள். பஸ்ஸின் பக்கம் முழுக்க என் தோளுக்கு அருகில் ஓடியது, ஒவ்வொரு ஜன்னலாக. அவன் ஜன்னல் வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். கை வெளியே ஆடிக்கொண்டிருந்தது. முகம் உள்பக்கம் திரும்பி, கண்டக்டரிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது.

தாண்டிவிட்டோம். எதிரில் ஒன்றும் வரவில்லை. ஒரு சைக்கிள்கூட இல்லை. வெள்ளாற்றுப் பாலம் வரை ரோடு துடைத்துவிட்டது மாதிரி கிடந்தது.

அவள் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் என் முகத்தைத் தேடினாள். குரலில் குத்தல் இல்லை, அன்பாகத்தான் சொன்னாள்: “பாத்தியாம்மா? மாமா காட்டினா ரோடு காலியாத்தான் இருக்கும்.”

காலியாகத்தான் இருந்தது.